சர்வீஸ் செய்த பிறகு வண்டி துடிக்கிறது... பம்பைப் பிரிக்கலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பது எட்டு வருடப் பழைய 27 எச்.பி. மினி டிராக்டர், மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். வண்டியை இவரேதான் ஓட்டுகிறார். சொந்த நிலம் போக, அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் ரோட்டவேட்டர் ஓட்டிக் கொடுத்து வருமானம் பார்க்கிறார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கும் மகன் லீவுக்கு வந்தபோது, அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து வீட்டிலேயே சர்வீஸை முடித்திருக்கிறார்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், இரண்டு டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றி, ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு வைத்து அளந்து, டாப்பட்டையும், அதாவது வால்வுகளின் இடைவெளியையும், செட் செய்திருக்கிறான் மகன். அதுவரை குறையில்லாமல் ஓடிய வண்டி அன்றிலிருந்து சரியில்லை.

"காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகுது. ஆனதும் பத்து நிமிஷம் ஒழுங்கா ஓடும். அப்புறம் ஸ்லோவில் விட்டால் சத்தம் ஏறி ஏறி இறங்குது, வண்டியே துடிக்குது. ரோட்டவேட்டரை இறக்கினால் படுத்துடுது. வெள்ளைப் புகை, பக்கத்தில் நின்றால் கண் எரியுது" என்று எழுதுகிறார். டேங்க் நிறைய டீசல் இருந்தால் தொல்லை குறைவு, பாதிக்குக் கீழே போனால் மோசம். துடிக்கும்போது, டீசலைக் கையால் தள்ளிவிடும் கைப்பம்பைப் பத்துத் தடவை அடித்தால் கொஞ்ச நேரத்துக்குச் சரியாகிறது. எங்கேயும் டீசல் ஒழுகவில்லை. ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை.

உள்ளூர் மெக்கானிக், டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைப் பிரித்து, அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் மூன்று நாசிலையும் மாற்ற 22,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். கணவரோ போனில், "வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார். தான் வைத்த டாப்பட்தான் வண்டியைக் கெடுத்துவிட்டது என்று மகன் வண்டிப் பக்கமே வருவதில்லை. மார்கழிப் பட்டத்து நிலக்கடலைக்கு நிலம் தயாராக வேண்டும். பம்பைப் பிரிக்கச் சொல்லலாமா, பிள்ளை செய்த தவறா, விற்றுவிடுவதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் பம்பை யாரும் தொட வேண்டாம். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி சர்வீஸுக்குப் பிறகு கெட்டால், ஸ்பேனர் பட்ட இடங்களைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேண்டும். நீங்கள் பம்பைத் தொடவில்லை, நாசிலையும் கழற்றவில்லை. அவை இரண்டும் சர்வீஸ் நடந்த அதே நாளில் தாமாகக் கெட்டுப்போவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதைச் சந்தேகப் பட்டியலின் கடைசியில் வைப்பதுதான் முறை. உங்கள் கடிதத்தில் இருக்கிற அடையாளங்கள் எல்லாம் வேறு பக்கம் கை காட்டுகின்றன. டீசல் வரும் வழியில் எங்கோ காற்று நுழைகிறது. ஏர் பிடிப்பது, ஏர் லாக் என்று நம் பக்கத்தில் சொல்வதுதான்.

இப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்ப் தள்ளுகிற டீசல் கடும் அழுத்தத்தில் நாசில் வழியே பனிபோல் தெளித்து, உள்ளே சூடாகி நிற்கும் காற்றில் பற்றிக்கொள்ள வேண்டும். டீசலை அழுத்தினால் அது சுருங்காது, அப்படியே அழுத்தமாக மாறும். காற்றுக்குமிழ் கலந்திருந்தால் பம்பின் அழுத்தம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். நாசில் சரியாகத் திறக்காது, அல்லது பிந்தித் திறக்கும். அரைகுறையாக எரிந்த டீசல் கண் எரிக்கும் வெள்ளைப் புகையாக வெளியே வரும். ஒரு சுற்றில் வெடித்து அடுத்த சுற்றில் வெடிக்காமல் போவதால், இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் ரேஸைக் கூட்டுவதும் குறைப்பதுமாகத் திண்டாடும். நீங்கள் கேட்கிற அந்த ஏறி இறங்கும் சத்தம் அதுதான்.

கைப்பம்பை அடித்தால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பம்போ நாசிலோ தேய்ந்திருந்தால் கைப்பம்ப் எதையும் மாற்றாது. டீசல் வரத்தில் குறை இருந்தால் மட்டுமே அது உதவும்.

ஒழுகல் இல்லையே, காற்று எப்படிப் போகும்?

ரொம்பப் பேர் தவறுவது இங்கேதான். "சொட்டு டீசல் வெளியே வரவில்லை, அதனால் எல்லா மூட்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்குத் தள்ளும் சின்னப் பம்ப்தான் ஃபீட் பம்ப். அதற்கு அப்பால், டீசலைத் தள்ளுகிற பக்கத்துக்கு அது பொருந்தும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பாதை உறிஞ்சும் பக்கம். இளநீரை ஸ்டிரா போட்டு உறிஞ்சும்போது ஸ்டிராவில் சின்ன ஓட்டை இருந்தால் இளநீர் ஒழுகாது, வாய்க்குக் காற்றுதான் வரும். உங்கள் வண்டியில் டேங்குக்குக் கீழே, கண்ணாடிக் கிண்ணத்தோடு இருக்கும் முதல் ஃபில்டர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஃபில்டர் தள்ளும் பக்கம்.

டேங்க் கிண்ணத்தைவிட உயரத்தில் இருப்பதால், நிறைய டீசல் இருக்கும்போது அதன் கனமே கிண்ணத்துக்குள் அழுத்தம் கொடுத்துக் காற்றை உள்ளே விடாது. மட்டம் இறங்க இறங்க அந்தத் தாங்கல் குறைந்து, ஃபீட் பம்ப் உறிஞ்சும்போது காற்று நுழைகிறது. பாதி டேங்குக்குக் கீழே மோசமாவதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி டீசல் குழாயை மூடிவிடுவதாகச் சொல்கிறீர்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதனாலேயே காலையில் கசிவு தெரியாமல் போயிருக்கலாம். ஒரு ராத்திரி குழாயைத் திறந்தே விட்டுவிட்டுக் காலையில் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். சொட்டாவிட்டாலும், சுற்றிலும் ஒட்டியிருக்கும் புழுதி ஓர் இடத்தில் மட்டும் ஈரமாகக் கறுத்திருக்கும்.

இனி போட்டோவுக்கு வருகிறேன். கழற்றிய பழைய சாமான்களை எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். இப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். தட்டில் பழைய டீசல் ஃபில்டர் இரண்டு, ஆயில் ஃபில்டர் ஒன்று, காப்பர் வாஷர் நான்கு இருக்கின்றன. ரப்பர் வளையம் மட்டும் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு டீசல் ஃபில்டருக்கும் தலைக்கு ஒன்றாக இரண்டு வளையம் வந்திருக்க வேண்டுமே, இன்னொன்று எங்கே?

தரையில் விழுந்து தொலைந்திருக்கலாம். ஆனால் எட்டு வருட வண்டியில் அந்த வளையம் கெட்டியாகி, மேல் மூடியின் பள்ளத்திலேயே கறுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். பார்த்தால் உலோகத்தின் பகுதி போலவே இருக்கும். அதன்மேல் புது வளையத்தை வைத்து முறுக்கினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. கைக்கு இறுக்கமாகத் தெரியும். ஒரு மயிரிழை இடைவெளி மட்டும் இருக்கும். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

எந்த வரிசையில் பார்ப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ.வை விடுவித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், துண்டு, துப்பட்டா எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

காசில்லாத சோதனை முதலில். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்கும். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மூடிக்கு அடியில் பாலிதீன் தாள் வைத்துத் திருகும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மூடி அடைப்பாக இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் தொல்லை சீக்கிரம் வரும். உங்களுக்கோ நேர்மாறாக இருக்கிறது.

அடுத்தது கிண்ணம். குழாயை மூடிவிட்டு, வெளியே இருக்கும் புழுதியை முதலில் துணியால் துடைத்தெடுத்த பிறகு கழற்றச் சொல்லுங்கள். மேல் மூடியின் பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்து, மர ஈர்க்குச்சியால் சுற்றிலும் நெம்பிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழுந்தால் அது தனிப் பிரச்சினையாகிவிடும். பழைய வளையம் இருந்தால் உரிந்து வரும். இல்லாவிட்டால் புது வளையம் சரியான அளவுதானா, முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, எங்கேயாவது கிள்ளுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு டீசலைத் தடவி வைத்தால் வளையம் புரளாமல் உட்காரும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் உருண்டையாக நின்றால் கொட்டிவிடுங்கள். கேனில் வாங்கி வைத்து ஊற்றுபவர்கள் கேனின் அடிமட்டத்தை டேங்கில் கவிழ்க்காமல் இருப்பது நல்லது.

பிறகு, டீசல் பைப்புகளை ஃபில்டரோடு சேர்க்கும் போல்ட்டுகளின் காப்பர் வாஷர்கள். பழையவை நான்கையும் எடுத்துவிட்டுப் புதிது போட்டதாகத் தட்டைப் பார்த்தால் தெரிகிறது, அப்படியானால் சரி. அந்த போல்ட்டுகளை ரொம்ப வலுவாக முறுக்க வேண்டாம், நூல் போய்விடும். கடைசியாக டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ். எட்டு வருடமாக வெயிலில் காய்ந்த ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கும். ஃபில்டர் மாற்றும்போது கொஞ்சம் அசைத்தாலே போதும், வெடிப்பு வாயைத் திறந்துவிடும். வளைத்துப் பார்த்தால் தெரியும். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் எடுத்து, இன்ஜினைவிட உயரமான இடத்தில் அசையாமல் கட்டிவைத்து, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஹோஸை நேராக ஃபீட் பம்பின் வாயில் கொடுங்கள். பாதையில் நின்ற காற்றை வெளியேற்றிவிட்டு (ஏர் எடுப்பது என்பது இதுதான், முறையைக் கீழே சொல்கிறேன்) வண்டியை அரை மணி நேரம் ஓட விடுங்கள். துடிப்பு நின்றுவிட்டால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் என்பது உறுதி. நிற்காவிட்டால் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டு மேலே போகலாம். சந்தேகத்தில் பம்பைப் பிரிப்பதற்கு முன்னால் எந்த மெக்கானிக்கும் செய்ய வேண்டிய சோதனை இது.

ஏர் எடுப்பது

ஏர் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. டேங்குக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி நாசிலை நோக்கிப் போக வேண்டும். டீசல் குழாயைத் திறந்து, முதல் ஃபில்டரின் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால், டேங்க் டீசல் தன் கனத்திலேயே இறங்கி, சோப்பு நுரைபோல் கொஞ்ச நேரம் பொங்கி, பிறகு குமிழில்லாத டீசல் கோடாக வரும். வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூட வேண்டும், நின்றபின் மூடினால் காற்று திரும்பிப் போய்விடும். அடுத்து, கைப்பம்பை அடித்தபடி இதேபோல் இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ. பெரும்பாலும் இத்தோடு வேலை முடிந்துவிடும். இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், நாசிலில் பைப் சேரும் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ரேஸை முழுதாக வைத்து, செல்ஃப் அடித்து, டீசல் துளும்பியதும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

நுரை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் காற்று இன்னும் எங்கோ நுழைகிறது என்று அர்த்தம். அப்போது ஏர் எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, வளையத்துக்கும் ஹோஸுக்கும் திரும்பிப் போக வேண்டும்.

இங்கே கண்டிப்பாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. இந்தப் பழைய முறை நாசில்களே நூறு பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தம் வந்தால்தான் திறக்கின்றன. அந்த வேகத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போகும் நிலை வரலாம். அப்படி ஏதாவது நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல், ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டையைத் தள்ளிப் பிடித்தால் போதும்.

மகன் வைத்த டாப்பட்

இனி பிள்ளையின் விஷயம். அவன் மேல் பழி இல்லை என்று உடனே சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த ஆசைதான், ஆனால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டாப்பட் இடைவெளி குறைவாக வைத்திருந்தால், இன்ஜின் சூடானதும் வால்வு விரிந்து முழுதாக மூடாமல் நிற்கும், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம், போகும். பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு கெடுவது அதற்கும் பொருந்தும். அதனால்தான் அவன் பயப்படுகிறான், பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டாப்பட் குறைக்கு டேங்கின் மட்டமும் கைப்பம்பும் தெரியாது. அது இன்னொரு விதத்திலும் வேறுபடும்: காற்றால் வரும் துடிப்பு சிலிண்டர் மாறி மாறி அலையும், டாப்பட்டால் வந்தால் எப்போதும் ஒரே சிலிண்டர்தான் சோம்பும்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வண்டி ஸ்லோவில் துடித்துக்கொண்டிருக்கும்போது, நாசில் பக்கத்து நட்டை ஒவ்வொன்றாக, ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்திப் பார்த்து இறுக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் கனத்த துணியைச் சுற்றிவிட்டு, கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் சட்டென்று விழும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கை வைத்தே செய்யட்டும். பெரிய வண்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ட்ரெம் 4 புகை விதி வந்த பிறகு அவற்றில் பலவற்றில், எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் காமன் ரெயில் இன்ஜின்தான் வருகிறது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஓடும்போது எந்த நட்டையும் தொடவே கூடாது.

ஒரே சிலிண்டர்தான் சோம்புகிறது என்று தெரிந்தால், டாப்பட்டைத் திரும்பப் பார்க்கட்டும். கம்பெனிப் புத்தகத்தில் இடைவெளி ஆறின இன்ஜினுக்கா, சூடான இன்ஜினுக்கா என்று போட்டிருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் எண்ணை நான் இங்கே எழுதவில்லை. இன்ஜினை நிறுத்தி, ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, கையால் சுற்றி, அந்த சிலிண்டரின் வால்வுகளை அமுக்கும் இரண்டு ராக்கரும் தளர்ந்து நிற்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். பிஸ்டன் மேலே வருவது இரண்டு சுற்றில் இரண்டு தடவை. அதில் தவறான தடவையில் அளப்பதுதான் படிக்கும் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. அவனுக்கு இப்படிச் சொல்லி, அவனையே வைத்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். வண்டிப் பக்கம் வரத் தயங்குபவனுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆயில்

"கேனில் கொஞ்சம் மிச்சமிருந்தது, எதற்கு வீணாக என்று ஊற்றிவிட்டோம். ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்குது, நல்லதுதானே?" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நல்லதில்லை. மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் அதை வடித்துவிடுங்கள். அளவுக்கு மேல் இருக்கும் ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். அது இன்ஜினின் மூச்சுக்குழாய் (ப்ரீதர்) வழியாக ஏர் பக்கம் ஏறி உள்ளே எரியும். அப்படி எரிந்தால் நீலப் புகை வரும். அளவு மீறினால் இன்ஜின் டீசலை விட்டுவிட்டு அந்த ஆயிலிலேயே ஓட ஆரம்பித்து, ரேஸ் தானாக ஏறிக்கொண்டே போகும். அப்போது ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது டீசலைத்தான் நிறுத்தும். காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையை வைக்கக் கூடாது. இப்படி நடப்பது அபூர்வம்தான், இருந்தாலும் மேல் கோட்டுக்குக் கீழே ஆயில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. உங்கள் ஏர் ஃபில்டர் ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால், அதன் கிண்ணத்திலும் கோட்டுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். காகித வகையாக இருந்தால், காற்றடித்தபோது காகிதம் கிழிந்திருக்கிறதா என்று உள்ளே பல்பு வைத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் புதிது போடாமல் வண்டியை எடுக்காதீர்கள், புழுதி சிலிண்டரைத் தின்றுவிடும்.

ஹெட் கேஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் குறையவில்லை என்கிறீர்கள். ஆயில் பால்போல் வெளுக்கவும் இல்லை, சூடு ஏறவும் இல்லை என்றால் அதை இப்போது நினைக்க வேண்டாம். ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தொடர்ந்து குமிழ் கிளம்புகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைப் புகையும் துடிப்பும் பார்த்தால் நாசில் என்று தோன்றுவது சகஜம். ஆனால் பம்பைப் பிரிப்பது மரத்தடியில் செய்கிற வேலை இல்லை. உள்ளே இருக்கும் பாகங்களின் இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு புழுதித் துணுக்கு போனாலும் நல்ல பம்ப் கெட்டுவிடும். பிரித்துச் சேர்த்த பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, மூன்று சிலிண்டருக்கும் டீசல் ஒரே அளவு போகிறதா என்று அளந்துதான் திரும்ப மாட்ட வேண்டும். பம்பில் இருக்கும் சீல் கம்பியை அறுத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் ரேஸ் ஏறுவதுபோல் தெரியும். கறுப்புப் புகையும் டீசல் செலவும் சேர்ந்து ஏறும்.

அதனால் அவரிடம், "முதலில் கேன் வைத்துப் பார்த்துவிடலாம், அதற்கான கூலியைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்பவர் நல்ல மெக்கானிக். கேன் வைத்தும் சரியாகாமல், டாப்பட்டும் சரியாக இருந்தால், அப்போது நாசில்களை மட்டும் கழற்றி டெஸ்டிங் கடைக்குக் கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். பனிபோல் சீராகத் தெளித்தால் நாசில் நன்றாக இருக்கிறது. கோடாகப் பீச்சினாலோ நுனியில் சொட்டினாலோ மாற்றலாம். பம்ப் அதற்கும் பிறகுதான். எந்த வேலை என்றாலும் செலவை எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள்.

ஃபில்டர்களை பில் இல்லாமல் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். டீசல் ஃபில்டரில் போலிகள் உண்டு. காகிதம் அடர்த்தியாக இருந்தால் டீசலே வராது. கேன் சோதனையில் சரியாகி டேங்கில் போட்டதும் திரும்ப வந்தால், முதல் ஃபில்டரின் உள்சரக்கையும் சந்தேகப்படுங்கள். பில் இருந்தால் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாம், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

விற்பதா?

வேண்டாம், குறைந்தபட்சம் இந்த நிலையில் வேண்டாம். வாங்க வருபவர் ஸ்டார்ட் செய்து பார்த்ததும் "பம்ப் போச்சு" என்று சொல்லி, அந்தச் செலவைப்போல இரண்டு மடங்கை விலையில் கழிப்பார். ஒரு ரப்பர் வளையக் குறைக்காக அவ்வளவு இழக்க வேண்டாம். உங்கள் கணவர் தூரத்தில் இருந்துகொண்டு, சத்தத்தைப் போனில் மட்டும் கேட்டுச் சொல்கிறார். அவருக்கும் இந்த வரிசையைச் சொல்லுங்கள். வண்டி சரியான பிறகும் விற்கத் தோன்றினால், அதை வருமானக் கணக்கைப் பார்த்து நிதானமாக முடிவு செய்யலாம்.

நிலம் காத்திருக்காது என்பதும் உண்மை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், ரோட்டவேட்டர் எல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். பட்டம் நெருங்கும்போது கேட்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள் என்பதால், வளையத்தைப் பார்ப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். வண்டி சரியாகிவிட்டால் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிண்ணத்தைக் கழற்றும்போது மேல் மூடியின் பள்ளத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வளையம் அங்கே இல்லாவிட்டால், கேன் சோதனையில் வண்டி எத்தனை நிமிடம் சீராக ஓடியது, எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியபோது சத்தம் மாறவில்லை என்ற இரண்டையும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.